மழை பிடித்துக்கொண்டது: 'செட் இன்' கற்பிப்போம்

(ஆங்கில ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'செட் இன்' என்பதற்குப் பொருள் 'தொடங்கு' என்று எழுதிப்போட்டால் மாணவர் மனப்பாடம் செய்துகொள்வார். பிறகு 'ஸ்கூல் செட்ஸ் இன் அட் நைன்' என்று எழுதுவார். இலக்கணம் சரி, நாம் தந்த பொருளும் அதுதான். ஆனாலும் விடை தவறு. ஏன் தவறு என்று சொல்லாமல் சிவப்பு மையால் சுழித்தால், 'இங்கிலீஷ் நமக்கு வராது' என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிவிடும். வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு அது பெரிய இழப்பு.

இதை விளக்க நம் ஊர் மழையே போதும். செப்டம்பர் மாலையில் இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டுகிறது; மறுநாள் வெயில் அடிக்கிறது. இது 'இட் ரெயின்டு', அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை அப்படியல்ல. அது தொடங்கும் இயல்பான தேதி அக்டோபர் 20. ஆனால் ஒருநாள் மழையைப் பார்த்து வானிலை ஆய்வு மையம் அதை அறிவித்துவிடாது. காற்று கிழக்கிலிருந்து நிலையாக வீச வேண்டும். மழையும் பரவலாகப் பெய்ய வேண்டும். அப்போதுதான் 'தி மான்சூன் ஹேஸ் செட் இன்'. வந்தது உடனே போகாது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதையே நம் வீட்டில் 'மழை பிடித்துக்கொண்டது' என்கிறோம். 'பேனிக் செட் இன்' என்றால் பீதி தொற்றிக்கொண்டது. 'டார்க்னெஸ் செட் இன்' என்றால் இருள் சூழ்ந்துகொண்டது. மூன்றிலும் 'தொடங்கியது' என்ற சொல்லே இல்லை. 'கொள்' என்ற துணைவினை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இன்' செய்யும் வேலையை இங்கே 'கொள்' செய்கிறது. 'கொள்' வரும் இடமெல்லாம் 'செட் இன்' வராது. என்றாலும் பொருளைப் பிடிக்க அது நல்ல கைப்பிடி.

வகுப்பில் மூன்று கேள்விகள் கேட்கலாம்.

ஒன்று, அது தானாக வருகிறதா? யாரும் பருவமழையைத் தொடங்கிவைப்பதில்லை. அதனால் இந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது.

இரண்டு, வந்தபின் சில காலம் நிலைக்குமா?

மூன்று, அது நாம் விரும்பாததா? பெரும்பாலும் ஆம்: நோய்த்தொற்று, சோர்வு, பீதி. மழை மட்டும் இரண்டு பக்கமும் நிற்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது மழை என்றாலே பயந்தோம். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு கிடந்தபோது, எப்போது பிடிக்கும் என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பள்ளி மணி அடித்துத் தொடங்குகிறது. விளையாட்டுப் போட்டியை நடுவர் தொடங்கிவைக்கிறார். இவற்றுக்கு 'பிகின்', 'ஸ்டார்ட்' போதும். ஆவடியிலிருந்து காலை ஆறு மணிக்குச் சுற்றுலா கிளம்பினால் அது 'செட் ஆஃப்'. 'செட்' இறந்தகாலத்திலும் 'செட்' தான் என்பதையும் அதே பாடத்தில் சொல்லிவிடலாம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மழை பெய்தது', 'மழை பிடித்துக்கொண்டது' இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தமிழிலேயே பிள்ளைகளைப் பேசவிடுங்கள். அந்த வேறுபாட்டை வாயால் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, உயர்நிலை வகுப்பில் 'செட் இன்' புதிதாக இருக்காது. தெரிந்த பொருளுக்கு இன்னொரு பெயராகத்தான் இருக்கும்.

உயர்நிலை ஆசிரியர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை 'ஸ்கூல் செட்ஸ் இன்' என்ற வரி கண்ணில் பட்டால், சுழித்ததோடு நிறுத்தாமல் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "பள்ளி தானாகப் பிடித்துக்கொள்ளுமா?" பிள்ளை சிரிக்கும், பிழையும் புரிந்துவிடும்.