கற்பனை நாட்டில் பற்றாக்குறை

கணினிக்கு ஒரு வாளைப் படைப்பதும் ஓராயிரம் வாள்களைப் படைப்பதும் ஒன்றே. எனினும், எளிதிற் கிடைப்பதை எவரும் மதிப்பதில்லை. ஆதலால் இணைய விளையாட்டை அமைப்போர் பற்றாக்குறையை வேண்டுமென்றே உண்டாக்குகின்றனர். அதன் விளைவு என்ன?

1997ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'அல்டிமா ஆன்லைன்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கற்பனை நாட்டில் உலவினர். புல்லை முயல் தின்னும், முயலை ஓநாய் தின்னும் என இயற்கையை ஒட்டியே அந்நாட்டை வகுத்திருந்தனர். ஆனால் ஆடுவோர் கண்ணிற்பட்ட விலங்குகளையெல்லாம் கொன்று குவித்தனர். காடு வெறுமையாயிற்று, அத்திட்டமும் கைவிடப்பட்டது.

1999இல் வந்தது 'எவர்குவெஸ்ட்'. அதில் அரிய பொருளைத் தரும் அரக்கன் ஒருமுறை மாண்டால், மீண்டும் தோன்ற நெடுநேரமாகும். பூசல்கள் எழுந்தன. ஆயினும் பல இடங்களில், எவரும் ஏவாமலே, முதலில் வந்தவர்க்கே முதலுரிமை என ஆடுவோரே விதி வகுத்தனர். பெயர்ப்பட்டியல் எழுதி, முறை வரும்வரை காத்திருந்தனர்.

பற்றாக்குறை பகையையே வளர்க்கும் என்று நான் எண்ணியிருந்தேன். முன்பின் அறியாதார் நின்ற அவ்வரிசை என் எண்ணத்தை மாற்றிற்று. நூலகத்தில் ஒரே நூலுக்குப் பதின்மர் காத்திருக்கும்போது நாம் வேட்டையாடுவோமா, வரிசையில் நிற்போமா? விடை நம் கையில் உள்ளது.