அந்த எக்செல் கோப்பு



என் தொழில் இணையப் பாதுகாப்பு. வங்கிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய், திருடன் எந்த வழியாக நுழைவான் என்று அவனுக்கு முன்னால் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வது. அதே வேலையைச் சம்பளம் வாங்காமல் நான் செய்கிற இடமும் ஒன்று உண்டு. கணவனின் அடி தாங்காமல் பிள்ளைகளோடு வெளியேறி வந்த பெண்களுக்குத் தங்க இடம் தரும் ஓர் இல்லம். அதன் நிர்வாகக் குழுவில் நான் உறுப்பினர். இல்லத்தின் பெயரையும் ஊரையும் இந்த மேடையில் சொல்லமாட்டேன். ஏன் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் சேர்ந்தபோது குழுவில் ஆடிட்டர் இருந்தார், வக்கீல் இருந்தார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருந்தார். ரசீதுப் புத்தகத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் விடமாட்டார்கள். ஆனால் அலுவலகக் கணினியில் ஓர் எக்செல் கோப்பு இருந்தது. பெண்ணின் பெயர், ஆதார் எண், பிள்ளை எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறது, அவசரத்துக்கு எந்த உறவினரைக் கூப்பிடுவது, எல்லாம் அதில். பாஸ்வேர்டு கிடையாது. அது வாட்ஸ்அப் குழுவிலும் போயிருந்தது. எப்போதோ வேலையை விட்டுப் போனவர்கள்கூட அந்தக் குழுவில் இருந்தார்கள். இல்லத்தின் மின்னஞ்சலைத் திறப்பதற்கான ஓடிபி, பழைய பொருளாளரின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கமான மனிதர், கேட்டபோதெல்லாம் எண்ணைப் படித்துச் சொல்வார். அந்த போன் தொலைந்திருந்தால்?

நன்கொடைப் பணம் களவு போனால் மறுபடி படியேறிக் கேட்கலாம், கொடுப்பார்கள். பள்ளியின் பெயர், மனைவியைத் தேடி அலைகிறவன் கையில் கிடைத்துவிட்டால் யார் வீட்டுப் படி ஏறுவது?

பெரிய அமைப்புகளே தப்பவில்லை, ஐயா. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவுக்கு என்ன நடந்தது? போரிலும் பேரிடரிலும் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்க, குறைந்தது 60 நாடுகளின் சங்கங்கள் திரட்டிய விவரங்களுக்குள் யாரோ ஊடுருவிவிட்டார்கள். 5,15,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள்: காணாமல் போனவர்கள், சிறையில் கிடப்பவர்கள், அவர்களைத் தேடும் தாய்மார்கள். 2021 நவம்பர் 9-இல் நுழைந்திருக்கிறார்கள், 2022 ஜனவரி 18-இல்தான் அது தெரியவந்தது. அப்போதும் ஆள் யாரென்று தெரியவில்லை. ஒரு மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் திருத்தம் உரிய நேரத்தில் போடப்படவில்லை, அதுதான் வழி. இதைச் செஞ்சிலுவைக் குழுவே வெளிப்படையாகச் சொன்னது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

எங்கள் இல்லத்தில் நாங்கள் செய்ததில் காசு செலவான காரியம் எதுவுமில்லை. ஓடிபி இல்லத்தின் சொந்த எண்ணுக்கு மாறியது. கோப்பைத் திறக்க இரண்டே பேருக்கு அனுமதி. வேலையை விடுகிறவரின் கணக்கு அன்றைக்கே மூடப்படும். கஷ்டமாக இருந்தது வேறொன்று: தேவையில்லாததை அழிப்பது. தலைமையாசிரியர் ஒப்பவே இல்லை. "ஆவணத்தை அழிப்பதா? நாளைக்கு யாராவது கேட்டால்?" என்றார். அவர் பயம் நியாயமானது. பதிவேடுகளைக் காத்தே வாழ்ந்தவர் அவர். வக்கீல் சட்டப்படி எதை எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று வரிவரியாக எடுத்துச் சொன்னார். இல்லத்தை விட்டுப் போய்ச் சொந்தக் காலில் நிற்கிற பெண்ணின் பிள்ளை இன்றைக்கு எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது நமக்கு எதற்கு என்று நான் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்த தலைமையாசிரியர், கடைசியில் தானே பள்ளி விவரம் இருந்த பத்தியை அழிக்கச் சொன்னார்.

குழந்தைகள் இல்லம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்கொடையாளர்களுக்காகப் பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் போட்டுப் படம் வெளியிடாதீர்கள். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

ஐடி கம்பெனிகளில் இருக்கிற தம்பிகளே, தங்கைகளே! உங்கள் ஊர்ப் பக்கத்தில் இப்படி ஓர் இல்லம் இருக்கும். அதன் குழுவில் கணினி தெரிந்த ஒருவர்கூட இருக்கமாட்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொடுங்கள், போதும். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயரை எழுதிவிட்டுப் போங்கள். எந்த இல்லத்துக்கு ஆள் வேண்டும் என்று அங்கிருக்கும் நிர்வாகிகளே உங்களிடம் சொல்வார்கள்.