மண மேடையில் யார் பேசுவது, எப்போது பேசுவது?

(இளைஞரணி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கையில் எடுங்கள். மணமக்கள் பெயர் இரண்டு வரியில் முடிந்துவிடும். அதற்குக் கீழே தலைமை, முன்னிலை, கிராஅத், வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, துஆ என்று ஒரு மாநாட்டு நோட்டீசே இருக்கும். வாழ்த்துரையில் மட்டும் 11 பேர். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று அச்சகத்தில் மூன்று முறை புரூப் திருத்தியிருப்பார்கள். அதே வீட்டில், பெண்ணிடம் சம்மதம் கேட்கப் போவது யார், எத்தனை மணிக்கு, எந்த அறையில் என்று ஒருவரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி உண்டா? அந்த 11 பேரில் ஒருவனாக 20 ஆண்டுகளாக மேடை ஏறி வருபவன்தான் நான். ஆகவே என் கதையையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாணம். ஊர் பெயர் வேண்டாம். 11 மணிக்கு நிகாஹ் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. தலைவர் வேறொரு ஊர்க் கல்யாணத்தை முடித்துவிட்டு வரவேண்டும். அவர் வரும்வரை மேடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஹஜ்ரத் என்று என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்த தலைப்பு, இஸ்லாத்தில் பெண்ணுரிமை. விடுவேனா? லுஹர் பாங்குக்கு நிறுத்தி, பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். தலைவரின் கார் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது என்று செய்தி கிடைத்ததும் வக்கீல் எங்கே, சாட்சி எங்கே என்று ஒரே ஓட்டம். பெண்ணின் சாச்சா வக்கீலாகச் சாட்சிகள் இருவரோடு பெண்கள் பகுதிக்குப் போய், வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே கூட்டம். மேலே என் மைக். பெண் ஏதோ சொன்னாள். சம்மதம் ஆகிவிட்டது என்று திரும்பி வந்தார்கள். தலைவர் வந்தார். மஹர் ஒரு பவுன் என்று அறிவித்து, ஈஜாப் கபூல் நடந்து முடிந்தது.

எட்டு மாதம் கழித்து அந்த வீட்டு வழக்கு ஜமாஅத்துக்கு வந்தது. விசாரிக்க உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெண் சொன்னாள்: "மஹர் அஞ்சு பவுன்தானே சாச்சான்னு நான் கேட்டேன். பதில் சொல்லாமலே திரும்பிப் போயிட்டாங்க. அப்ப நீங்கதான் ஹஜ்ரத் பேசிக்கிட்டிருந்தீங்க."

பேச்சுவார்த்தையில் ஐந்து பவுன் என்று பேசியது உண்மை. இடையில் ஆண்கள் கூடி அதை ஒன்றாக்கியிருக்கிறார்கள். பெண்ணுக்குச் சொல்லவில்லை. பதிவேட்டில் அவள் கையெழுத்து இருந்தது. கையெழுத்துப் போடும்போது மஹர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது என்றாள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. மீதியை இரண்டு தவணையில் கொடுத்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இரண்டு சம்பந்திகளும் இன்றுவரை ஸலாம் சொல்லிக்கொள்வதோடு சரி.

கன்னிப் பெண் வெட்கப்படுவாளே என்று அன்னை ஆயிஷா (ரலி) கேட்டபோது, அவளுடைய மௌனமே அவள் சம்மதம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நமக்கெல்லாம் தெரிந்த ஹதீஸ். மௌனத்தைச் சம்மதமாக எடுக்க வேண்டுமானால், அது மௌனம்தான் என்று கேட்பவனுக்குத் தெரியவேண்டாமா? ஆயிரம் பேர் இரைச்சலில் எவருடைய மௌனத்தை எவர் கேட்பது? கேள்வி கேட்ட பெண்ணை மௌனமாக இருந்தாள் என்று எழுதிக்கொண்டோமே! தன் விருப்பமில்லாமல் தகப்பனார் செய்துவைத்த திருமணத்தைப் பற்றி கன்ஸா பின்த் கிதாம் (ரலி) முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தத் திருமணத்தையே ரத்துச் செய்தார்கள் என்று புகாரியில் ஓதுகிறோம். அந்த மேடையில் நானும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

நிகாஹுக்கு என்ன வேண்டும்? ஈஜாப், கபூல், வலி, இரண்டு சாட்சிகள், மஹர். குத்பா சுன்னத். விவரங்களில் மத்ஹபுகளுக்குள் வேறுபாடு உண்டு. வாழ்த்துரை மட்டும் எந்த மத்ஹபிலும் இல்லை.

அப்படியானால் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? நம் மாநிலத்து அரசியலிலிருந்து வந்தது. சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதரும் மந்திரமும் இல்லை. அந்த இடத்தைத் தலைவர்களின் சொற்பொழிவு நிரப்பியது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் அந்தத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. அவர்கள் மேடை போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நம் நிகாஹில் அப்படி நிரப்பவேண்டிய காலி இடம் எது? நாம் மேடையை மட்டும் வாங்கிக்கொண்டோம். இயக்கக்காரர்களாகிய நமக்கு அதில் ஒரு லாபமும் உண்டு, ஒளிக்க வேண்டாம். போஸ்டர் ஒட்ட வேண்டாம், ஆள் சேர்க்க வேண்டாம், கூட்டம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். பிரியாணிக்காகக் காத்திருப்பவர்களை நம் கொள்கைக்காகக் காத்திருப்பவர்கள் என்று கணக்கெழுதிக்கொள்கிறோம்.

நபி (ஸல்) அவர்களுக்கும் ஜைனப் (ரலி) அவர்களுக்கும் நடந்த திருமணத்தின் வலீமாவை நினைத்துப் பாருங்கள். சாப்பிட்டு முடித்த பிறகும் சிலர் பேச்சில் லயித்து உட்கார்ந்துவிட்டார்கள். நபியவர்கள் எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தார்கள். அப்போதும் எழவில்லை. எழுந்து போங்கள் என்று சொல்ல நபியவர்களுக்கே கூச்சம். அல்லாஹ் சொன்னான். அஹ்ஸாப் சூராவின் 53ஆம் வசனம் அது. கல்யாண வீட்டில் பேச்சை நீட்டியது பற்றி வஹீ வந்திருக்கிறது, சகோதரர்களே!

இப்போது வேலைக்கு வருவோம். தங்கைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற இளைஞனே, முதல் நாள் மஃரிபுக்குப் பிறகு வக்கீலையும் சாட்சிகளையும் வீட்டுக்கு வரச் சொல். பெண்ணையும் தாயையும் அமைதியான ஓர் அறையில் உட்காரவைத்து, மாப்பிள்ளை பெயரையும் மஹரையும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லட்டும். மஹர் கட்டத்தை அவள் கண் முன்னே நிரப்பிய பிறகே கையெழுத்து. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் அரசுப் பதிவும் செய்யவேண்டும், அதற்கான தாள்களையும் அன்றே எடுத்து வை.

மறுநாள், பத்திரிகையில் போட்ட நேரத்துக்கு நிகாஹ். மாப்பிள்ளை, வலி, சாட்சிகள், ஓதி வைக்கும் இமாம், இவர்களைத் தவிர யாருக்காகவும் காத்திருக்காதே, நானாக இருந்தாலும் சரி. குத்பாவின் கருத்தை உள்ளூர் இமாமே தமிழில் 10 நிமிடம் சொல்லட்டும். இரண்டு குடும்பத்தையும் தெரிந்தவர் அவர்தான். பெண்கள் பகுதியில் ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று போய்ப் பார். பல மண்டபங்களில் நாம் பெண்ணுரிமை பேசுவது பெண்களுக்கு மட்டும் கேட்பதில்லை. தலைவர்கள் வந்தால் முன் வரிசையில் மரியாதையாக உட்காரவைத்து, மணமக்களுக்கு துஆச் செய்யச் சொல். நபியவர்கள் கற்றுத்தந்த துஆ ஒரே மூச்சில் முடிந்துவிடும். மைக்குக்குப் பக்கத்தில் இயக்கத்து ஆள் வேண்டாம். கையைப் பிடித்து உட்காரவைக்கத் தயங்காத தாய்மாமா ஒருவர் கடிகாரத்தோடு நிற்கட்டும்.

பெரிய தலைவர் கடைசியில் பேசுவார் என்பது மேடை மரபு. அதனால்தான் எல்லாருமே தாமதமாக வருகிறார்கள்!

வியாபாரிகளே, உங்களுக்கு நான் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பகல் வியாபாரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்தவர், சம்பளத்தை விட்டுவிட்டு வந்த தொழிலாளி, பால்குடிப் பிள்ளையோடு வந்த பெண். இவர்கள் எல்லாருடைய நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். மண்டபச் செலவு உங்கள் பணத்தில் நடக்கும்போது நிகழ்ச்சி நிரலும் உங்கள் பேச்சுப்படி நடக்கவேண்டும். எங்களுக்குப் பயந்து பெயர் போடாதீர்கள்.

இனி என்னைக் கல்யாணத்துக்கு அழைப்பவர்களிடம், பெண்ணிடம் கேட்டாயிற்றா, மஹர் எழுதியாயிற்றா என்று முதல் நாள் இரவே போனில் விசாரிப்பேன். ஆயிற்று என்றால் மறுநாள் காலை பஸ் ஏறுவேன், இன்ஷா அல்லாஹ். வந்து முன் வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். பத்திரிகையில் என் பெயரைப் போடவேண்டாம்.

வஸ்ஸலாம்.