“எல்லோருக்கும் வருவதுதான்” என்று சொல்லாதீர்கள்



விளையாட்டைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். வலைப்பந்து அணியில் மேலதிக வீராங்கனையாக வாங்கில் இருந்ததுதான் என் சாதனை. ஆகவே, டென்னிஸ் வீராங்கனை ஒருவரின் கதையை வைத்தியர் என்ற முறையில் சொல்கிறேன்.

டானியேல் கொலின்ஸ் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தவர். பொது ஆடுகளங்களில் விளையாடிப் பழகி, கனிஷ்ட பிரிவில் முன்னணிக்கு வந்தவர். அந்த வயதில் பலர் நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள். இவர் பல்கலைக்கழகம் போனார். வேர்ஜினியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2014இலும் 2016இலும் அமெரிக்கக் கல்லூரிகளின் ஒற்றையர் சம்பியனானார். பட்டப்படிப்பை முடித்த பின்பே தொழில்முறைக்கு வந்தார். 2019 வரை கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றில் ஓர் ஆட்டமும் வெல்லாதவர், அவ்வாண்டு அவுஸ்திரேலிய பகிரங்கப் போட்டியில் அரையிறுதி வரை போனார்.

ஆனால் மாதாமாதம் தாங்க முடியாத வலி. வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஆடினார். மாதவிடாய் வலி சாதாரணம் என்றே அவருக்கும் சொல்லப்பட்டது. 2021இல்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று கண்டறிந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். சூலகத்திலிருந்து அகற்றிய கட்டி டென்னிஸ் பந்தளவு இருந்ததாம்! சில மாதங்களில் தன் முதலாவது டபிள்யூ.டி.ஏ. பட்டத்தை வென்றார். 2022இல் அவுஸ்திரேலிய பகிரங்க இறுதிப்போட்டியில் ஆஷ்லி பார்ட்டியிடம் தோற்றாலும், அதே ஆண்டில் உலகத் தரவரிசையில் 7ஆம் இடத்துக்கு உயர்ந்தார். 2024இல் மியாமி பகிரங்கப் பட்டமும் அவருக்கே.

கருப்பையின் உட்படலம் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதமானோருக்கு இது உண்டு. ஸ்கானில் எப்போதும் தெரியாது. கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் செல்வதுண்டு.

ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும. நான் பயிற்சி வைத்தியராக இருந்தபோது, பரீட்சைக்கு இருக்க முடியாமல் துடித்த மாணவி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். பரசிற்றமோல் கொடுத்து, “எல்லோருக்கும் வருவதுதான் பிள்ளை” என்றேன். “அம்மாவும் அதைத்தான் சொன்னவா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்தப் பிள்ளைக்கு என்ன வருத்தமென்று நான் தேடவேயில்லை.

மாதவிடாய் வலி எல்லாமே இந்த நோயல்ல. எல்லோருக்கும் சத்திரசிகிச்சையும் தேவையில்லை. ஆனால் ஒரு பிள்ளை மாதந்தோறும் பாடசாலைக்குப் போகாமல் படுத்திருந்தால், மாத்திரைக்கும் வலி அடங்காவிட்டால், பெண்நோயியல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒருவர் பொருட்படுத்தாவிட்டால் இன்னொருவரிடம் போங்கள்.

இங்கிருக்கும் நாம் தாய்மார், மாமிமார், ஆசிரியைமார். வலிக்கிறது என்று பிள்ளை சொல்லும்போது முதலில் கேட்பவர்கள் நாம்தான். அவள் சொல்வதை நம்புவோம்.