பல்கலைக்கழக வாசலும் எமது பாடசாலையும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எமது மாணவிகள் பலர் இங்கிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறார்கள். அங்கே யார் கற்கிறார்கள், யார் இன்னும் வந்து சேரவில்லை என்பதையே இன்று உங்களோடு பகிர விரும்புகிறோம்.

1974 இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக, திருநெல்வேலி பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் அது தொடங்கியது. பேராசிரியர் க. கைலாசபதி முதல் தலைவரானார். ஆரம்பத்தில் சிங்கள மாணவர்களும் அங்கு கற்றனர். 1977 வன்செயல்களை அடுத்து அவர்கள் சென்றுவிட்டனர். 1990 இல் வடக்கின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். போர்க்காலத்தில் அது ஏறத்தாழத் தமிழர் மட்டுமே கற்கும் இடமாயிற்று.

2009 இன் பின் அந்நிலை மாறியது. இன்று விஞ்ஞான பீடத்திலும் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள பொறியியல் பீடத்திலும் மூவின மாணவர்களும் கற்கின்றனர். ஆனால் 2016 ஜூலையில் புதுமுக மாணவர் வரவேற்பு நிகழ்வில் மோதல் ஏற்பட்டது. ஒரே விரிவுரை மண்டபத்தில் இருப்பதும் ஒருவரையொருவர் அறிந்து பழகுவதும் வேறு வேறு என்பதை அது உணர்த்தியது.

இன்னொரு வேறுபாடு எம்மை நேரடியாகத் தொடுகிறது. கலைப்பீடத்தில் பெண் பிள்ளைகளே மிகப் பெரும்பான்மை. பொறியியலில் அவர்கள் சிறுபான்மை. திறமைக் குறைவா காரணம்? இல்லை.

பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வழங்கப்பட்டு வந்துள்ளன. இதனால் வன்னிப் பிள்ளைகள் பயன் பெற்றார்கள், அது நியாயமானதே. ஆனால் ஒதுக்கீடு பார்ப்பது மாவட்டத்தை, பாடசாலையை அல்ல. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி பாடசாலைகளிலேயே உண்டு. 1சி பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும்தான். சாதாரண தரக் கணிதத்தில் 'ஏ' எடுத்த கிராமத்துப் பிள்ளை, உயர்தரத்தில் கணிதம் படிக்க நகரத்துக்கு வரவேண்டும். ஆண் பிள்ளையென்றால் சைக்கிளில் அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளையென்றால், ரியூசன் முடிந்து இருட்டில் எப்படி வருவாள் என்று வீடு யோசிக்கும். அவள் பக்கத்துப் பாடசாலையில் கலைப்பிரிவில் சேர்வாள். கலை குறைந்த துறை அல்ல. ஆனால் அவளுக்குத் தெரிவு கிடைக்கவில்லையே!

எனவே சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். நூற்றாண்டு நிதியின் ஒரு பகுதி கட்டடத்துக்கும் வளைவுக்கும் போகட்டும்; மறு பகுதியால், 1சி பாடசாலைகளிலிருந்து உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்கு வரும் மாணவிகளுக்கு எமது விடுதியில் இடம் கொடுப்போம். அடுத்து, இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படும் சிங்களத்தைப் பரீட்சைக்காக மட்டுமன்றிப் பேசிப் பழகுவதற்காகவும் கற்பிக்க, பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கு உதவுவோம்.

ஒரு நூற்றாண்டுக்கு முன், பெண் பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்கள் மத்தியில் எமது முன்னோர் இந்தக் கதவைத் திறந்தார்கள். வெளியே நிற்கும் பிள்ளைக்கும் அதைத் திறந்துவிடுவதே நாம் அவர்களுக்குச் செய்யும் நன்றிக்கடன்.