விலைச் செய்தியும் விலை எதிர்பார்ப்பும்



விலைவாசி நாளை எவ்வாறிருக்கும் என்று மக்கள் கருதுவது இன்றைய விலையையும் பாதிக்கிறது. விலை ஏறும் என்றெண்ணும் குடும்பம் இரு மாதச் சரக்கைச் சேர்த்து வாங்குகிறது. வணிகர் இருப்பை வெளியே விடத் தயங்குகிறார். தொழிலாளர் அதற்கேற்பக் கூலி உயர்வு கோருகின்றனர். இதனாலேயே ரிசர்வ் வங்கி 2005 முதல் நகரக் குடும்பங்களின் பணவீக்க எதிர்பார்ப்பை ஆய்ந்து வருகிறது.

இவ்வெதிர்பார்ப்பு குறியீட்டெண்ணைப் பின்பற்றி எழுவதில்லை. 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதமாக இறங்கியிருந்தது. ஆனால் அதையொட்டிய ஆய்வில் குடும்பங்கள் உணர்ந்த பணவீக்கமோ 6 சதவீதத்திற்கும் மேல்!

காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட குறியீட்டெண்ணில் தக்காளியின் பங்கு 0.57 சதவீதமே. எனினும் 2023 ஜூலையில் அது பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைக் கடந்தபோது நாளேடுகளிலும் கைப்பேசிகளிலும் அதுவே பேச்சாயிற்று. அம்மாதப் பணவீக்கம் 7.44 சதவீதம், செப்டம்பரில் அது 5.02 ஆகத் தணிந்தது. தக்காளி விலை இறங்கிய செய்தியை எத்தனை பேர் உறவினருக்கு அனுப்பியிருப்பர்? நட்டமடைந்த விவசாயி ஒருவரே அதை நினைவில் வைத்திருப்பார்.

புரளி வேறு வகை. 2016 நவம்பரில், உயர்மதிப்பு நோட்டுகள் செல்லாதென அறிவித்த சில நாட்களில், உப்புக்குத் தட்டுப்பாடு என்ற வதந்தி தில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் வாட்ஸ்அப் வழியே பரவியது. கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்றதாகவும் செய்திகள் வந்தன. ஆண்டுக்குச் சுமார் 220 லட்சம் டன் உப்பு விளையும் நாட்டில், மனிதர் உண்பதற்குத் தேவை ஏறக்குறைய 60 லட்சம் டன்னே என்று அரசு விளக்க வேண்டியதாயிற்று.

புரளியை மறுத்துவிடலாம். ஆனால் தக்காளிச் செய்தி உண்மை. அதை மறுக்க இயலாது. என் கருத்தில் கடினமானது இதுவே. நுகர்வோர் விவகாரத் துறை நூற்றுக்கணக்கான மையங்களிலிருந்து நாள்தோறும் விலைகளைத் திரட்டுகிறது. 2024 ஆகஸ்ட் முதல் 38 பொருள்கள். விலை இறங்கும் நாட்களிலும் இவற்றை அந்தந்த வட்டார மொழியில் அறிவிக்கலாம். ஏறும் நாட்களில், 'அச்சம் வேண்டாம்' என்ற அறிக்கையைவிட, புதிய வரத்து எந்த மாவட்டத்திலிருந்து எந்த வாரத்தில் சந்தைக்கு வரும் என்ற தகவலையே இல்லத்தரசி கேட்கிறார். அத்தகவல் வேளாண் அலுவலரிடம் இருக்கிறது.