கூதிரும் விராலிமலையும்

தமிழிலக்கியத்தில் மழை என்றவுடன் முன்வந்து நிற்பது கார்காலமே. முல்லை மலர்வதும், மயில் ஆடுவதும், தலைவன் தேர் திரும்புவதும் அப்பொழுதில்தான். ஆவணியும் புரட்டாசியும் கார் என்பர் உரையாசிரியர். ஆயின், மயிலுக்குப் பெயர்பெற்ற விராலிமலையின் கண்மாய்கள் பெரும்பாலும் காரில் நிரம்புவதில்லை. அடுத்து வரும் கூதிரையே, அதாவது ஐப்பசி கார்த்திகையையே, அவை எதிர்நோக்கிக் கிடக்கின்றன.

சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேலைச் சரிவிலேயே பொழிந்துவிடுகிறது. அதற்காகக் கார் இங்கே முற்றிலும் பொய்க்கிறது என்று கூறுதல் தகாது. பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் வெப்பம் மேலெழுந்து முகில் திரள, மாலையில் இடியுடன் மழை பெய்வதுண்டு. ஓரூரில் கொட்டி அடுத்த ஊரைத் தொடாமலே போகும் மழை அது. உழவு தொடங்க உதவும், கண்மாய்க்குப் போதாது.

அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வடகிழக்கிலிருந்து வருகிறது. சங்கப் புலவர் வாடை என்றது இக்காற்றையே. நெடுநல்வாடை என நூலுக்கே அது பெயராயிற்று. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, டிசம்பர் வரையிலான மூன்று திங்களில் பெய்வதாகும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று கடலோரத்தில் தொடங்கும் புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது விராலிமலை. மலையுச்சியில் நின்றாலும் கடல் தெரியாது. ஆயினும் அக்கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுநிலைதான் இவ்வூர் உலையில் அரிசி ஏறுமா என்பதை முடிவு செய்கிறது. பேராறு பாயாத இம்மண்ணின் முன்னோர் கண்மாய் வெட்டி, கற்குமிழி அமைத்து, சில வார மழையைப் பல மாதங்களுக்குப் பங்கிட்டனர்.

2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையென அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 2018 நவம்பர் 16 அதிகாலையில், நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னந்தோப்புகளையும் சாய்த்துச் சென்றது. வராமல் கெடுத்ததும் வந்து கெடுத்ததும் ஒரே கூதிர்தான். புலவர் கூதிரைப் பிரிந்தோரின் துயராகவே மிகுதியும் கண்டனர். உழவர்க்கு அது நெல்.

இனி மயில். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்மயில் தன் தோகை இறகுகளை உதிர்த்துவிடும். மீண்டும் அவை முழுமையாக வளர்வதற்குள் கூதிரும் முன்பனியும் கழிந்துவிடுகின்றன. ஐப்பசியில் அடைமழை இறங்கிக் கண்மாய் நிரம்பும் நாளில், விராலிமலை மயில் தோகையில்லாமல் நனைந்து பாறையிடுக்கில் ஒதுங்கி நிற்கிறது.